கடுக்காய்த் தண்ணீர்

பிரகாசத்துக்கு அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனி வாசலில் காவல் வேலை. சங்கு ஊதியதும் வெளியே வருகிறவர்களின் பையையும் சாப்பாட்டுத் தூக்கையும் திறந்து பார்க்க வேண்டும். பதினெட்டு வருஷத்தில் அகப்பட்டது இரண்டே திருட்டு. ஆனால் மனுஷனுக்குக் கண்ணில் படுகிறவன் எல்லாம் தூக்குக்குள் போல்ட்டை ஒளித்துக்கொண்டு போகிறவனாகவே தெரிய ஆரம்பித்துவிட்டது. சர்ச்சில் காணிக்கைப் பை வரும்போதுகூடப் பக்கத்து ஆளின் கையைத்தான் பார்ப்பார்.

இப்படிப்பட்டவர் நெமிலிச்சேரியில் வீடு கட்டக் கிளம்பினால் மேஸ்திரி முனியன் பாடு திண்டாட்டம்தானே? எதிரெதிரே ஜன்னல் வைத்தால் காற்று ஓடும் என்றான் முனியன். தச்சனிடம் இவனுக்குக் கமிஷன் இருக்கிறது என்று முடிவு கட்டி ஒரு ஜன்னலைக் குறைத்தார் பிரகாசம். உள்சூடு வெளியேற மேலே வென்டிலேட்டர் வேண்டும் என்றான். திருடன் தலை நுழையும் என்று அதையும் செங்கல் வைத்து அடைக்கச் சொன்னார்.

மொட்டை மாடி விஷயத்தில் மட்டும் அவர் மனைவி சாராள் விட்டுக்கொடுக்கவில்லை. மகள் ஞானகுமாரிக்குச் சித்திரையில் தலைப்பிரசவம். இவர்கள் குடியிருந்ததோ ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட வாடகை வீடு. மத்தியானத்தில் உள்ளே இருந்தால் இட்லிப் பானைக்குள் இருக்கிற மாதிரிதான். அந்த வீட்டுக்கு மருமகளை அனுப்பமாட்டோம் என்று சம்பந்தி வீட்டில் கறாராகச் சொல்லிவிட்டார்கள். புது வீடு முடிந்தால்தான் பெண் வருவாள். அதுவும் குளிர்ச்சியாக இருக்க வேண்டும்.

"கான்கிரீட் மேல வெறும் சிமென்ட் பூசினா ரெண்டு நாள் வேல. ஆனா வெயில் அப்டியே உள்ள எறங்கும் சார்," என்றான் முனியன். "செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கொட்டி, கட்டையால ஒரு வாரம் தட்டணும். அப்பால பாரு, ஊடு எப்டி கீதுன்னு."

"அதையே செய்யி," என்றாள் சாராள்.

முனியன் சாமான் பட்டியல் கொடுத்தான். கடைசி இரண்டு வரியில் பிரகாசத்தின் விரல் நின்றது. கடுக்காய். வெல்லம்.

"வெல்லம் எதுக்குடா? நீ வீடு கட்றியா, பொங்கல் வைக்கிறியா?"

"அது இன்னான்னா சார்..."

பிரகாசம் காதைக் கொடுக்கவில்லை. விளக்கம் சொல்ல ஆரம்பிக்கிறவன்தான் திருடன் என்பது அவருடைய வாசல் சட்டம். இரண்டையும் அடித்துவிட்டார்.

பத்து நாள் கழித்து, பிரசவத்துக்கென்று ஒதுக்கியிருந்த பின்கட்டு அறையில் ஒரு டிரம்மைப் பார்த்தார். சாக்கால் மூடியிருந்தது. தூக்கிப் பார்த்தால், வெல்லம் புளித்த வாடை மூக்கில் ஏறியது. பழுப்புத் தண்ணீரில் நுரை பொங்கிக்கொண்டிருந்தது.

"இன்னாடா இது?"

முனியன் ஓடிவந்து சாக்கை இழுத்து மூடினான். "ஒண்ணுமில்ல சார். வேலைக்குத்தான்." முகத்தைப் பார்க்காமல் சொன்னான்.

போதாதா? ஏரிக்கரைப் புதர்களில் கள்ளச் சாராயத்துக்கு ஊறல் போட்டுப் பிடிபட்ட கதைகள் அந்தப் பக்கத்தில் ஊருக்கே தெரியும். வெல்லம், புளிப்பு, நுரை. என் பேத்தியோ பேரனோ தூங்கப்போகிற அறையில் சாராயமா என்று பிரகாசத்துக்கு ரத்தம் கொதித்தது. சாராளிடம்கூடச் சொல்லவில்லை. மறுநாள் காலையில் தெரிந்த போலீஸ்காரர் ஒருவரைக் கையோடு கூட்டிவந்தார்.

போலீஸ்காரர் மோந்து பார்த்தார். "ஊறலேதான்யா," என்று ஒரே உதையில் டிரம்மைக் கவிழ்த்தார். பழுப்புத் தண்ணீர் தரையெல்லாம் ஓடி வாசல் மணலில் இறங்கியது.

அந்த நேரம் பார்த்துத்தான் முனியன் தளம் தட்டுகிற பெண்களோடு வந்தான். வந்தவன் காலரைப் போலீஸ்காரர் பிடித்தார். பெண்களுக்குத் தலைவியான பொன்னியம்மா கட்டையைக் கீழே போட்டுவிட்டு அலறினாள்.

"அடப்பாவிங்களா! அது தளத்துக்குத் தெளிக்கிற கடுக்காத் தண்ணி! அது ஊறினாத்தான் சுண்ணாம்பு கல்லாட்டம் புடிக்கும்! இதுகூடவா தெரியாது உங்களுக்கெல்லாம்?"

போலீஸ்காரர் கவிழ்ந்த டிரம்முக்குள் எட்டிப் பார்த்தார். அடியில் இடித்த கடுக்காய். காலரை விட்டுவிட்டு, பிரகாசத்தை முறைத்துவிட்டுச் சைக்கிளில் ஏறிப் போனார்.

டீ கொண்டுவந்த சாராள் வாசலிலேயே நின்றுவிட்டாள். "வெல்லமும் கடுக்காயும் நான்தாங்க வாங்கிக் கொடுத்தேன். உங்ககிட்ட சொல்ல வேணாம்னு நான்தான் அவரைக் கெஞ்சினேன்," என்றாள். டீயைக் கீழே வைத்துவிட்டு அழுதாள்.

முனியன் காலரைச் சரி செய்துகொண்டான். "மறுபடி பத்து நாள்ல ஊறிப்புடும் சார். அது பெரிசில்ல. ஆனா ஊரு பாக்க என் கழுத்துல கை வெச்சிட்டாங்க. இனி உன் ஊட்டு மேல எங்க கட்டை உழாது."

அடுத்த மனையில் வீடு கட்டிக்கொண்டிருந்த சொர்ணம் அவர்களை அப்படியே தன் வீட்டுக்குக் கூப்பிட்டுக்கொண்டாள். அங்கே வேறொரு டிரம் ஊறியது. அப்புறம் ஒரு வாரம் பொன்னியம்மா கூட்டத்தின் கட்டைச் சத்தம். பிரகாசம் கரையான்சாவடி வரைக்கும் ஆள் தேடிப் போனார். சங்கதி அவருக்கு முந்திப் போயிருந்தது, ஒருவரும் வரவில்லை. கடைசியில் யாரையோ பிடித்து வெறும் சிமென்ட் பூசி, பங்குனியில் குடிபோனார்கள். மகளும் வந்தாள்.

கத்திரி வெயிலில் ஆஸ்பத்திரியில் குழந்தை பிறந்தது. பெண் குழந்தை. வீட்டுக்கு வந்த மூன்றாம் நாளே உடம்பெல்லாம் வேர்க்குரு. பத்து மணிக்குமேல் தளம் அடுப்பாகக் காய்ந்தது. இருந்த ஒற்றை ஜன்னலில் காற்று எட்டிக்கூடப் பார்க்கவில்லை. ஞானகுமாரி யாரையும் கேட்காமல் குழந்தையைத் தூக்கிக்கொண்டு சொர்ணம் வீட்டுக்குப் போய்விட்டாள். அன்றிலிருந்து பகலெல்லாம் அங்கேதான்.

ஷிப்ட் முடிந்து வந்த பிரகாசம் வெறும் தொட்டிலைப் பார்த்தார். கட்டின வீட்டில் பேத்தியைக் கொஞ்சக் கொடுத்துவைக்கவில்லையே! தோளில் இருந்த பையைக்கூட இறக்காமல் சொர்ணம் வீட்டுக்கு நடந்தார். வாசலில் முனியன் கேட் தூணைப் பூசிக்கொண்டிருந்தான்.

பிரகாசம் அவன் முன்னால் நின்றார். அவன் ஒன்றும் கேட்கவில்லை. அவர் கையோ தானாகவே பையைத் திறந்து அவனுக்கு நேரே நீட்டியது.

"நுங்குதான்," என்றார். "பொண்ணுக்கு."

முனியன் பைக்குள் பார்க்கவே இல்லை. கரணையை எடுத்துக்கொண்டு கொஞ்சம் ஒதுங்கி வழிவிட்டான்.

"உள்ள போ சார். செருப்பு சத்தம் போடாத. கொழந்த தூங்குது."