வாளியில் சுமந்த புழுக்கள்

இங்கே வந்து குனியுங்கள், தோழர்களே! இந்த ஒரு மண்வெட்டி மண்ணைப் பாருங்கள். மூன்று ஆண்டுகள் இதற்குள் ஒரு பொய் நெளிந்துகொண்டிருந்தது. அதை இங்கே புதைத்த கை என்னுடையது.

கிழக்கு வெளுக்குமுன் லாரி வந்து கவிழ்த்துவிடும். நகரத்துச் சாக்கடையைச் சுத்திகரித்தபின் அடியில் தங்கும் கசடு அது. முலாம் பூசும் பட்டறைகள் கழித்த உலோகமெல்லாம் அதில் உண்டு. பதினான்கு பேர் முழங்கால் சேற்றில் நின்று, அதை வாரி வாரிக் கீரைப் பாத்திகளில் இறைப்பார்கள். அந்த நாற்றம் சோப்புக்கும் அஞ்சாது. அவர்களில் ஒருத்தி என் அண்ணி. விலைபோகாத கடைசிப் பாத்திக் கீரை தொழிலாளருக்கு இலவசம் என்பது தோட்ட முதலாளியின் கருணை. ஆறு ஆண்டுகளாக அண்ணி வீட்டுச் சட்டியில் வெந்தது அதுதான்.

ஆண்டுக்கொருமுறை மண் ஆய்வாளர் வருவார். எப்போதும் முதல் பாத்தியின் நடுவில்தான் வெட்டுவார். மண்புழு தென்பட்டால், மண் உயிரோடிருக்கிறது என்று எழுதிக் கையெழுத்திடுவார். தென்படாவிட்டால் மண் பரிசோதனைக்கூடத்துக்குப் போகவேண்டும். அதிலுள்ள காட்மியம், ஈயம் என்ற நச்சு உலோகங்கள் அம்பலமாகிவிடும். கசடு விழுந்த பாத்தியில் புழு ஏது? ஆகவே அன்று விடியலில் கிணற்றடி ஈரத்தைக் கிளறி, ஒரு வாளிப் புழுவை முதல் பாத்தியில் கொண்டுபோய்ப் புதைக்க முதலாளிக்கு ஆள் தேவைப்பட்டது. மூன்று ஆண்டுகளுக்குமுன் அவர்களோடு சேற்றில் நின்ற நான், மோட்டார் கொட்டகைச் சாவிக்கும் அதன் நிழலுக்கும் ஆசைப்பட்டு அந்த ஆளானேன்.

"என்னப்பா, மீன் பிடிக்கவா? தூண்டில் எங்க?" என்று வாளியைப் பார்த்தவர்கள் கேலி செய்வார்கள். நானும் சிரித்துவைப்பேன்.

இந்த ஆண்டு அண்ணியின் முகமும் காலும் வீங்கின. சிறுநீரகம் பழுதாகி வருகிறது என்ற மருத்துவர், வேலை செய்யும் மண்ணில் என்ன இருக்கிறது என்று விசாரித்தாராம். ஆய்வுக்கு முந்தைய நாள் அண்ணி அதை என்னிடம் சொன்னாள்.

"நல்ல மண்ணுன்னுதானே தம்பி ஆபீசர் வருஷா வருஷம் எழுதுறாரு? அப்போ இது வேற ஏதோ கோளாறு."

மறுநாள் இருட்டிலேயே கிணற்றடியைக் கிளறினேன்.

விடிந்தது. வாளி நிறைந்துவிட்டது, பாத்திக்குப் போகக் கால் வரவில்லை. அதை அண்ணியின் முன்னால் வைத்து, எல்லோர் காதிலும் விழும்படி மூன்று ஆண்டுக் கதையையும் சொன்னேன். யாரும் என்னை அடிக்கவில்லை. அடித்திருக்கலாம்.

அண்ணி வாளிக்குள்ளேயே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தூண்டில் எங்கன்னு கேட்டோமே. நாங்கதான் மீனா, தம்பி?"

பிறகு வாளியைத் தானே தூக்கிப்போய்க் கிணற்றடியில் கவிழ்த்தாள். "இதுங்களாவது பொழைக்கட்டும்." திரும்பிவந்து மண்வெட்டியை வரப்பில் கிடத்தி உட்கார்ந்தாள். ஒவ்வொன்றாகப் பதினான்கு மண்வெட்டிகளும் தரையைத் தொட்டன.

ஆய்வாளரோடு வந்த முதலாளிக்கு முகம் சிவந்தது. "யாரைக் கேட்டு உக்காந்தீங்க? தோட்டத்தை மூடிட்டா நாளைக்கு என்னத்தத் தின்பீங்க?"

"இத்தனை நாளா என்னத்தத் தின்னோம்னு முதல்ல தெரியட்டும் முதலாளி," என்றாள் அண்ணி.

அவர் என்னிடம் கையை மட்டும் நீட்டினார். கொட்டகைச் சாவியைக் கொடுத்துவிட்டேன்.

ஆய்வாளர் வெட்டினார். தள்ளிப்போய் மறுபடியும் வெட்டினார். ஒரு புழுகூட இல்லை. முதலாளியைப் பார்த்தார், வரப்பைப் பார்த்தார், நெடுநேரம் தயங்கிப் பையில் மண்ணை அள்ளினார். பையைக் கட்டி வைத்த அரக்கு முத்திரைக்கு மேலே தொழிலாளரின் பதினான்கு கைநாட்டுகள் விழுந்தன. என் விரலை நான் நீட்டவில்லை. அதற்கு எனக்கு யோக்கியதை ஏது? வரப்பின் ஓரம் ஒதுங்கி நின்றேன். அண்ணி மட்டும் சற்று நகர்ந்து இடம் விட்டாள்.

நாளைக் காலை அந்தப் பை பரிசோதனைக்கூடத்துக்குப் போகிறது. வழியில் மண் மாறிவிடலாம். மாற்றுவதற்கு என்னைப்போல் இன்னொருவன் கிடைத்துவிடலாம். ஆகவே நாங்கள் பையோடு நடக்கிறோம். பதினைந்து பேர் போதாது. இந்தக் கீரை உங்கள் தட்டிலும் விழுந்திருக்கிறது. கை கழுவிவிட்டு உட்கார்ந்திராதீர்கள். எழுந்து வாருங்கள், எங்களோடு நடங்கள்!