அட்டைக் கடிகாரம்

"ஒண்ணு, ரெண்டு, மூணு" என்று சொல்லி முடிப்பதற்குள் ஏழாம் கட்டில்காரர் இடது பக்கம் புரண்டிருந்தார். அட்டெண்டர் அக்கா அவருடைய தோளையும் இடுப்பையும் பிடித்திருந்தாள். எதிர்ப்பக்கம் நின்ற இன்னொரு அட்டெண்டர், வார்டில் எல்லாரும் ஒல்லி என்று கூப்பிடுகிறவள், அடியில் விரித்திருந்த துணியைச் சுருட்டி இழுத்தாள். முதுகுக்குப் பின்னால் ஒரு தலையணை, முட்டிகளுக்கு நடுவே ஒன்று. குதிகால் மெத்தையில் படாமல் இருக்கக் கணுக்காலுக்குக் கீழே மடித்த துண்டு.

"என்னம்மா, அடுப்புல போட்ட மாதிரி திருப்பித் திருப்பிப் போடுறீங்க?" பக்கவாதம் வரும்வரை லாரி ஓட்டியவர் அவர். இப்போது வாய் மட்டும் கோணலாக ஓடிக்கொண்டிருந்தது.

"ரெண்டு பக்கமும் வெந்தாத்தான் வீட்டுக்கு அனுப்புவோம்."

அதுவரை அழுந்திக் கிடந்த வலது இடுப்பெலும்பின் மேல் அக்கா கட்டை விரலை வைத்து அமுக்கினாள். தோல் வெளுத்து, விரலை எடுத்ததும் பழைய நிறத்துக்கு வந்தது. "நல்லாருக்கு. வெளுக்கலைன்னாத்தான் புண்ணுக்கு ஆரம்பம்" என்றாள். பிறகு தலைமாட்டுச் சுவரில் தொங்கிய அட்டைக் கடிகாரத்தின் முள்ளைத் தள்ளி 'பத்து – இடது' என்ற இடத்தில் நிறுத்தினாள். அடுத்தது 'பன்னிரண்டு – மல்லாக்க', அதற்கடுத்தது 'இரண்டு – வலது'.

அந்தக் கடிகாரம் இருபத்திரண்டு கட்டில்களுக்கும் உண்டு. சலைன் பெட்டி அட்டையை வட்டமாக வெட்டி, முள்ளைச் சட்டைப் பொத்தான் வைத்துத் தைத்திருந்தது. பொத்தான்கள் அக்கா வீட்டிலிருந்து வந்தவை.

ஆறு மாதத்துக்கு முன் வார்டு சிஸ்டரைத் தர மேம்பாட்டுப் பயிற்சிக்கு அனுப்பியிருந்தார்கள். திரும்பி வந்ததும் வார்டில் ஏதாவது ஒரு குறையைக் குறைத்துக் காட்ட வேண்டும். சிஸ்டர் படுக்கைப் புண்ணை எடுத்துக்கொண்டார். மாதம் ஒன்பது, பத்துப் பேருக்கு வந்துகொண்டிருந்தது. ஆனால் இரண்டு மணிக்கொருதரம் ஆளைத் திருப்பியதைக் குறிக்கும் தாள்களில் எல்லாக் கட்டங்களிலும் டிக் இருந்தது. சிஸ்டர் தாள்களைப் பரப்பி வைத்துத் தலையைச் சொறிந்துகொண்டிருந்தபோது அக்கா தரையைத் துடைத்தபடி சொன்னாள்: "நீங்க பேப்பர்ல திருப்புறீங்க சிஸ்டர். நாங்க ஆளைத் திருப்புறோம். ரெண்டும் ஒண்ணு இல்ல. எப்ப எந்தப் பக்கம்னு கடிகாரம் மாதிரி வெட்டிக் கட்டில்லயே மாட்டுங்க. வர்ற போற சொந்தக்காரங்க பாத்துட்டுக் கத்துவாங்க."

கத்தினார்கள். ஐந்தாம் மாதம் புண் வந்தவர் ஒரே ஒருவர். வார்டு அவளைக் கடிகாரக்கா என்று கூப்பிட ஆரம்பித்தது. நர்ஸிங் உதவியாளர் பயிற்சியில் சேர்த்துவிடுவதாகச் சிஸ்டர் சொன்னார். ஆறு மாதம் படித்துத் தேறினால் வேலை நிரந்தரம். பதினோரு வருடமாகக் கான்ட்ராக்டில் இருந்த அக்கா மறுநாளே விண்ணப்பத்தை மகளை விட்டு நிரப்பி, போட்டோ ஒட்டிக் கொண்டுவந்தாள். அது கையெழுத்துக்காகச் சிஸ்டரின் மேசை டிராயரில் இருந்தது.

மேட்ரன் சிஸ்டரைக் கூப்பிட்டு அனுப்பியபோது மேசைமேல், புண் குறைந்ததைப் பற்றிச் சிஸ்டர் எழுதிக் கொடுத்த அறிக்கை இருந்தது.

"நீ அனுப்பின போஸ்டர் தேர்வாயிடுச்சும்மா. அடுத்த மாசம் மாநாட்டுல நீதான் பேசப் போற." மேட்ரன் சிரித்துவிட்டு ஒரு பக்கத்தைத் திருப்பினார். "இன்னொண்ணு. இனிமே உன் வார்டுக்குப் பகல்ல ஒரு அட்டெண்டர் போதும்னு நிர்வாகத்துல சொல்லிட்டாங்க."

"ஒரு ஆளா எப்படி மேடம் திருப்புறது?"

"தினம் அஞ்சு மணி நேரம் மிச்சம்னு நீதானே எழுதியிருக்க. கீழ கையெழுத்தும் உன்னுது."

"அது புண்ணுக்குக் கட்டு மாத்துற நேரம் மேடம். திருப்புறதுக்கு அதைவிட ஜாஸ்தி ஆகுது. அதை எழுத ஃபார்ம்ல கட்டமே இல்ல."

"இல்லாத கட்டத்தை நான் எங்க கொண்டுபோய்க் காட்டுறது?" மேட்ரன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அந்தக் கடிகாரக்காவுக்கு இந்த மாசத்தோட கான்ட்ராக்ட் முடியுது. வயசும் ஆச்சு. புதுப்பிக்க வேணாம்னுட்டாங்க."

சிஸ்டர் அந்த வரியைத் திரும்பப் படித்தார். 'மிச்சமான நேரம்' என்ற கட்டத்தைப் பார்த்ததும் ஆசையாக நிரப்பிய வரி. ஐந்துக்குக் கீழே இரண்டு கோடு போட்டிருந்தார்.

துணி அறையில் அக்கா விரிப்புகளை மடித்துக்கொண்டிருந்தாள். சிஸ்டர் சொல்லி முடிக்கும்வரை கை நிற்கவில்லை.

"ஏதாவது தப்பு பண்ணிட்டேனா சிஸ்டர்?"

"இல்லக்கா. வேலை குறைஞ்சிடுச்சுன்னு..."

"குறைஞ்சுதா?" முழங்கையை நீட்டினாள். தசைவலிக்கு ஒட்டிய பிளாஸ்திரி ஓரம் பிரிந்திருந்தது. "அப்ப புண்ணு வர விட்டிருந்தா நான் இருந்திருப்பேன்."

சிஸ்டர் ஒரு விரிப்பின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டார். இருவரும் உதறி மடித்தார்கள்.

"அந்தப் பயிற்சி?"

"இங்க வேலைல இருக்கிறவங்களுக்கு மட்டுந்தான்க்கா."

"சரி, ஃபார்மைக் குடுத்துருங்க. போட்டோவாவது உதவும். வேற எங்கயாவது கேட்டா ஒட்டணும்ல."

போட்டோவின் பின்பக்கம் கிழியாமல் இருக்கக் குழாயடியில் விண்ணப்பத்தின் மூலையை நனைத்து, நகத்தால் மெல்ல உரித்து எடுத்தாள். மீதித் தாளைக் குப்பைக் கூடையில் போட்டுவிட்டு, மணி பன்னிரண்டு ஆனதும் ஏழாம் கட்டிலுக்குப் போனாள்.

மாநாட்டில் போஸ்டர் ஆளுயரம் இருந்தது. நடுவில் ஒரு படம்: இரண்டு கைகள் அட்டை முள்ளைத் தள்ளுகின்றன. மணிக்கட்டுக்கு மேல் படத்தை வெட்டியிருந்தார்கள். சிஸ்டர் எட்டு நிமிடம் பேசினார். கடிகாரம் யாருடைய யோசனை என்று முன்வரிசையில் ஒருவர் கேட்டார். "எங்க வார்டு டீமோட முயற்சி" என்றார் சிஸ்டர். கைதட்டினார்கள். கண்ணாடியில் செய்த கேடயம் ஒன்று கொடுத்தார்கள்.

சிஸ்டர் திரும்பி வேலைக்கு வந்த அன்று மதியம் இரண்டு மணிக்கு ஒல்லி வார்டில் தனியாக இருந்தாள். முதல் கட்டிலிலிருந்து நடந்து வந்தாள். கட்டிலுக்குக் கட்டில் நின்று, கையை உயர்த்தி, முள்ளைத் தள்ளிவிட்டு அடுத்ததற்குப் போனாள். யாரையும் தொடவில்லை. சிஸ்டரைப் பார்த்ததும் கை ஒரு நொடி அந்தரத்தில் நின்றது.

"இருபத்திரண்டு பேர் சிஸ்டர்" என்றாள். "முள்ளு நின்னா சொந்தக்காரங்க சண்டைக்கு வர்றாங்க. ஆபீஸ்லேருந்தும் முள்ளைத்தான் வந்து பாக்குறாங்க." மூலையில் யாரோ பெட்பேன் கேட்டுக் கூப்பிட்டார்கள். ஓடினாள்.

ஏழாம் கட்டில்காரர் இடது பக்கமாகவே கிடந்தார்.

"நான் வலது பக்கம் திரும்பிட்டேனாம் சிஸ்டர். எனக்கே தெரியாம."

சிஸ்டர் அவர் இடுப்புக்குக் கீழே கையைக் கொடுத்துச் சற்றுத் தூக்கிப் பார்த்தார். இடது இடுப்பெலும்பின் மேல் உள்ளங்கை அகலத்துக்குக் கருஞ்சிவப்பு. கட்டை விரலால் அமுக்கினார். நிறம் மாறவில்லை. இன்னும் அழுத்தி அமுக்கினார்.

"எரியுதா?"

"தெரியல. அது உயிர் போன பக்கம்."

சிஸ்டர் கைக்கடிகாரத்தைக் கழற்றிப் பையில் போட்டார். தோளையும் இடுப்பையும் பிடித்து, "ஒண்ணு, ரெண்டு, மூணு" என்று எண்ணித் தள்ளினார். உடம்பு பாதி எழும்பியது. எதிர்ப்பக்கம் துணியை இழுக்க ஆள் இல்லை. பிடி நழுவ, அவர் புரண்டு இடது இடுப்பின் மேலேயே விழுந்தார். கட்டில் ஆடியது. தலைமாட்டில் அட்டைக் கடிகாரமும் ஆடி நின்றது. முள் இரண்டில் இருந்தது; வலது.