‘அவர்’ என்றால் எவர்?

நான் வாய் திறந்தால்தான் எங்கள் ஆஸ்பத்திரி அம்புலன்ஸ் ஓடும். லயனலுக்கு வண்டி ஓட்டத் தெரியும். எங்கே போவதென்று சொல்வது டெலிபோன் மேசையில் இருக்கும் இந்த வினிபிரட். தலைக்கனம் என்றால் தலைக்கனம்தான், இருந்துவிட்டுப் போகட்டும்.

அறுபத்தெட்டாம் ஆண்டு. கொக்குவிலில் தேர்த் திருவிழா, வீடுகளில் ஆளில்லை. காலையிலேயே மணி அடித்தது.

“அக்கா, அவர் நெஞ்சைப் பிடிச்சுக்கொண்டு விழுந்திட்டார். வேர்த்துக் கொட்டுது. கெதியா வாங்கோ!”

“எவர்?”

“எங்கடை இவர்.”

“வீடு எங்கை?”

“கொக்குவில். ஒழுங்கைக்குள்ளை மதில் வீடு. சுருட்டுக் கொட்டில் வைச்சிருக்கிறார்.”

கொக்குவிலில் மதில் இல்லாத வீடு எது? சுருட்டுக் கொட்டில் இல்லாத ஒழுங்கைதான் எது? லயனல் சாவியோடு வாசலில் நின்றான்.

“அவரின்ரை பேரைச் சொல்லும் பிள்ளை.”

“ஐயோ, நான் எப்பிடிச் சொல்லுறது? கட்டின நாளிலையிருந்து சொன்னதில்லை. புருசன்ரை பேரைச் சொன்னால் ஆயுசு குறையுமெல்லோ.”

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. “நான் என்ரை மனுசனை நாள் முழுக்க ஏர்னெஸ்ட், ஏர்னெஸ்ட் எண்டு கூப்பிடுறன். அந்தாள் குத்துக்கல்லு மாதிரி இருக்குது!”

“நீங்கள் வேதக்காரர் அக்கா. உங்களுக்கு ஒண்டும் செய்யாது” என்று அழுதாள்.

அவளுக்குப் பின்னால் அந்த மனிதர் முனகுவது கேட்டது. இன்னும் கத்தினால் போனை வைத்துவிடுவாள். வைத்தால் அவர் உயிர் போய்விடும். கோபத்தை விழுங்கினேன்.

“சரியம்மா, நீர் சொல்ல வேண்டாம். பாவம் வந்தால் என்ரை தலையிலை. நான் பேர்களைச் சொல்லுறன், சரியானது வந்தால் ஓம் எண்டு சொல்லும். சாமி பேரோ?”

“ஓம்.”

“எந்தச் சாமி?”

“நல்லூரிலை இருக்கிறவர்.”

“கந்தையா? கந்தசாமி?”

“இல்லையக்கா.”

“முருகேசு?”

“ஐயோ, கிட்ட வந்திட்டு விலகிப் போறியள்!”

“கந்தப்பு?”

ஒரு விம்மல். “ஓம் அக்கா. அவர்தான்.”

“கந்தப்பு முதலாளியோ? ஸ்ரேசனுக்குப் பின்னாலை!” என்று கத்திக்கொண்டு லயனல் ஓடினான். அவன் போய்ப் படலையைத் தட்டும்வரை நான் அவளோடு கதைத்துக்கொண்டே இருந்தேன். ஆளை உயிரோடு கொண்டுவந்து சேர்த்தான். கொஞ்சம் பிந்தியிருந்தாலும் தப்பியிருக்க மாட்டார் என்றார் டாக்குத்தர்.

அந்த மனிதர் தேறியபின் இருவரும் மாம்பழக் கூடையோடு என் அறைக்கு வந்தார்கள். அவள் பெயர் சிவக்கொழுந்து. எனக்கு வாய் சும்மா கிடக்குமா?

“இந்த ஐயான்ரை பேர் என்ன பிள்ளை?” என்றேன்.

அவள் வெட்கத்தோடு சிரித்தாள். “நீங்கள் சொல்லித்தானே அக்கா அவரின்ரை ஆயுசு கூடினது. இனியும் நீங்களே சொல்லுங்கோ.”

எனக்குக் கண் கலங்கிவிட்டது. எத்தனையோ பேர் வந்து நன்றி சொல்லியிருக்கிறார்கள். இப்படி ஒரு மரியாதை எனக்கு எவரும் செய்ததில்லை. அன்று பின்னேரம் வீட்டுக்குப் போய், ஏர்னெஸ்டை வழக்கத்தைவிட இரண்டு தரம் கூடுதலாகப் பேர் சொல்லிக் கூப்பிட்டேன்.