சமையல் புத்தகத்துக்கு அடியில்

பாகிஸ்தானின் முல்தான் நகரத்துச் செல்போன் கடைத்தெருவில் முதஸ்ஸிர் தன் கடைக்குள் நின்றபடியே பூமிக்குள் இறங்கத் தொடங்கியது ஒரு வெள்ளிக்கிழமை, ஜும்மா முடிந்து ஊரே சமைத்துக்கொண்டிருந்த நேரத்தில். அன்று கணுக்கால் வரை போனான். தரை வலிக்காமல் வழிவிட்டது. வெளியேதான் விடவில்லை.

காரணம் அவனுக்கே தெரியும். போனில் செருகும் நகத்தளவு மெமரி சில்லில் குர்ஆன், ஒரு சமையல் புத்தகம், ஒரு காதல் நாவல் மூன்றையும் போட்டு ஊரெல்லாம் விற்றிருந்தான். கடைசியாகத் திறந்த புத்தகம் திரையில் மற்ற இரண்டுக்கும் மேலே வந்து நிற்கும்படி அமைத்தவனும் அவன்தான். குர்ஆன் மேல் ஒரு தீப்பெட்டிகூட வைக்காத ஊர் அது. அங்கே வேதத்தின் தலையில் கோழிக்குழம்பு ஏறி உட்கார்ந்தது. யாராவது மற்ற இரண்டில் ஒன்றைத் திறந்தால் அவன் நூலளவு இறங்கினான். வேதத்தைத் திறந்தால் நூலளவு ஏறினான். விற்ற சில்லைத் திருத்த வழியில்லை.

"திரையில தெரியிறது வெறும் வெளிச்சம்ப்பா. அதுல மேல என்ன, கீழ என்ன?" என்று இமாம் சொல்லிப் பார்த்தார். கடைத்தெரு கேட்கவில்லை. அவன் இடுப்பளவு இறங்கியதும், குனிந்து புத்தி சொல்ல எல்லாருக்கும் வசதியாகிவிட்டது.

அவன் மனைவி ஷகுஃப்தா வீடு வீடாக ஏறி இறங்கினாள். பக்கத்துக் கடை ஹாஜி ரஃபாகத்திடம் கெஞ்சினாள்.

"சமைச்சு முடிச்சதும் குர்ஆனை ஒரு தடவ தொறந்து வச்சிடுங்க பாய். அவர் மேல வந்துடுவார்."

"நான் தொறக்கிறதே அதத்தான் தங்கச்சி. உன் புருஷன் பாவத்துக்கு என் போன் என்ன பண்ணும்?"

அவர் பையிலிருந்த போனில் நாவலின் கதாநாயகி முக்காட்டை அவிழ்த்துக்கொண்டிருந்தாள்.

நோன்பு மாதம் வந்தது. ஊர் ஓத ஓத முதஸ்ஸிர் முழங்கால் வரை வெளியே வந்துவிட்டான். ஷகுஃப்தா சந்தோஷம் தாங்காமல் பெருநாளுக்குப் புதுச் செருப்பு வாங்கி வந்தாள். பிறை தெரிந்தது. சேமியா எப்படிக் கிண்டுவது என்று பார்க்க அத்தனை வீடும் சமையல் புத்தகத்தைத் திறந்தது.

"செருப்பை இப்படி வை, அளவு பாக்..." என்று முதஸ்ஸிர் சொன்னதோடு தரை அவன் தலைக்குமேல் மூடிக்கொண்டது.

கடையை ஹாஜியார் வாடகைக்கு எடுத்து, அவன் இறங்கிய இடத்தில் தரை ஓடு பதித்தார். ஷகுஃப்தா தினமும் வந்து வாசலில் செருப்பை வைத்துவிட்டு, குர்ஆனைத் திறந்து ஓதுவாள். ஓடு நூலளவு எழும்பும்.

"தரை சரியில்ல தங்கச்சி" என்று ஹாஜியார் நாற்காலியை நகர்த்தி அந்த ஓட்டின்மேல் போட்டு உட்கார்ந்துகொள்வார்.