டோனியின் வரி

பனிமூட்டம் டெல்லி மயூர் விஹார் பால்கனி வரை வந்து நின்றது. எதிர் ஃப்ளாட்டையே காணோம். டெல்பின் மடிக்கணினியை மடியில் வைத்து, வழக்கம்போல் அந்தப் பட்டியலைத் திறந்தாள்.

அவள் வேலை பார்க்கும் ஆய்வு நிறுவனத்தில் நேரம் சொல்லும் சர்வர் ஒன்று உண்டு. எங்கெங்கோ இருக்கும் கணினிகள் அதனிடம் மணி கேட்டுத் தங்களைத் திருத்திக்கொள்ளும். கடைசியாகக் கேட்ட அறுநூறு கணினிகளின் விலாசங்கள்தான் பட்டியல். அதில் ஒரு வரி டோனி, லடாக் வானிலை நிலையத்தில் இருக்கும் அவள் கணவன். பனியில் அங்கே போன் செத்து மூன்று வாரம். காலையில் அவன் ஜெனரேட்டரைப் போட்டால் கணினி எழுந்து சாட்டிலைட் வழியே மணி கேட்கும். அந்த வரியைப் பார்த்த பிறகுதான் டெல்பினுக்குக் காப்பி இறங்கும். வீட்டிலிருந்தே பார்ப்பதற்காக, பட்டியலை வெளியார் யாரும் கேட்கலாம் என்று திறந்துவிட்டிருந்தாள்.

இன்று டோனி இல்லை. யார் யாரோ இருந்தார்கள். வரிகள் பால்போல் பொங்கி, வழிந்து, மறைந்தன.

போன் அடித்தது.

"ஏனுங்க, டெல்லிங்களா? கோயமுத்தூர் ரத்த வங்கியிலிருந்து அருக்காணி பேசறனுங்க. உங்க சர்வர் எங்களை முக்கிக் கொல்லுதுங்க! சர்வர் பேருக்கு நேரா இந்த நம்பர்தான் போட்டிருந்துதுங்க. காலையிலிருந்து சைட் திறக்கலை. ஆஸ்பத்திரியில ஒரு அம்மாவுக்கு ஓ நெகட்டிவ் வேணுமுங்க. கொடுக்கறவங்க நம்பரெல்லாம் அதுக்குள்ளதான் இருக்குது."

டெல்பின் மேலதிகாரி பட்டாபியை அழைத்தாள்.

"எவனோ உன் சர்வர்கிட்ட பட்டியலைக் கேக்கறான். கேக்கறவன் விலாசம்னு ரத்த வங்கி மாதிரி யார் யார் விலாசத்தையோ போட்டுடறான். ஒரு வரிக் கேள்விக்கு அறுநூறு வரி பதில், அத்தனையும் அவா தலையில கொட்டறது. பட்டியலை ஏன் வெளியில திறந்து வெச்சே?"

சொன்னாள்.

"அச்சா! புருஷனைப் பார்க்க ஊருக்கே ஜன்னலைத் திறந்து வெச்சியா? மூடும்மா, ஜல்தி!"

"டோனி இன்னும் வரலை சார். ஒரு அஞ்சு நிமிஷம்..."

டெல்பின் கண்ணை மூடினாள். முகம் தெரியாத ஒரு பெண் ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்திருந்தாள். கண்ணைத் திறந்து கட்டளையைத் தட்டினாள்: யார் மணி கேட்டாலும் சொல்; பட்டியலை மட்டும் வெளியே கொடுக்காதே.

சர்வர் அணைந்து எழுந்தது; பழைய பட்டியல் அழிந்து திரை வெறுமையானது. இனி அலுவலகத்துக்குள்ளிருந்துதான் பார்க்க முடியும்.

மெட்ரோ பனிக்குள் மிதந்தது. கீழே யமுனை தெரியவில்லை. பெட்டியில் எல்லோரும் போனில் மணி பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்கள் நடுவே கம்பளித் தொப்பியோடு டோனி நின்றான். உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. ஐ.என்.ஏ. ஸ்டேஷனில் கதவு திறந்ததும் கலைந்து போனான்.

அலுவலகப் படியேறும்போது அருக்காணியின் செய்தி வந்தது. சைட் திறந்துவிட்டதாம். ரத்தம் கொடுக்க ஆள் கிளம்பிவிட்டாராம்.

சர்வர் அறையில் பட்டாபி நாற்காலியை விட்டு எழுந்து நகர்ந்தார். "நீயே பாரு."

பட்டியல் கேட்டு மொய்த்த பொய் விலாசக் கூட்டம், பதில் கிடைக்காமல் வேறிடம் தேடிப் போயிருந்தது. நாற்பதே வரிகள். மேலிருந்து ஏழாவது, லடாக். மணி கேட்டுப் பதினோரு விநாடி ஆகியிருந்தது.

"அந்தக் கூட்டந்தான் அவரைப் பட்டியலை விட்டு வெளியே தள்ளிட்டே இருந்திருக்கு சார்."

"இனிமே புருஷனைப் பார்க்க தினம் மெட்ரோ ஏறி வரணும், ஆமா."

"வாரேன் சார்," என்றாள் டெல்பின். "இங்க காப்பி கிடைக்குமா?"