எள்ளும் தண்ணீரும்

மெடிக்கல் காலேஜில் எங்கள் மேஜையில் கிடந்தவருக்குப் பெயர் கிடையாது. கால் கட்டைவிரலில் கட்டிய தகரத்தில் ஒரு எண், அவ்வளவுதான். ஃபார்மலின் நெடியில் கண்ணைத் துடைத்துக்கொண்டே மற்றவர்கள் அறுத்தார்கள். நான் அவர் முகத்தை மூடியிருந்த துணியையே பார்த்துக்கொண்டு நிற்பேன். வகுப்பு தொடங்கியதிலிருந்து கத்தியைத் தொடவில்லை. என் பங்கையும் கடையநல்லூர் முஃபீத்தான் அறுத்தான்.

"பரீட்சையில என் கைய உனக்கு ஒட்டிவிட முடியாதுலே," என்றான்.

அப்பா உச்சிமாகாளி குற்றாலத்தில் ஏட்டு. அருவியில் அடித்துப்போனவர்களைத் தேடித் தூக்குகிறவர். கத்தியைத் தொட முடியவில்லை என்று நான் சொன்னதும் சிரித்தார். கேட்க ஆள் வராத பிணங்களை அனுப்பிவைப்பதே நாங்கள்தான், அதற்கா பயம் என்றார்.

அம்மா சிரிக்கவில்லை. தண்ணீர் விட ஆளில்லாத உயிர் என்னைப் பிடித்திருக்கிறது என்று முடிவு செய்தாள். தை அமாவாசையன்று அப்பாவுக்குச் செங்கோட்டையில் பந்தோபஸ்து. அந்த உயிருக்குத் தர்ப்பணம் கொடுக்க, அவருக்குத் தெரியாமல் என்னைக் குற்றாலத்துக்குக் கூட்டிப்போனாள். அப்பா உயிரோடு இருக்கும்போது மகன் தர்ப்பணம் செய்யக் கூடாது. தெரிந்தால் அய்யரும் செய்துவைக்க மாட்டார். அதனால், என்ன கேட்டாலும் செத்தவர் பெயர் தெரியாது என்று மட்டும் சொல்லும்படி பஸ்ஸிலேயே சொல்லிக்கொடுத்தாள்.

கரையில் வரிசையாக உட்கார வைத்தார்கள். ஒரே நெரிசல். அய்யர் என்னிடம் வந்தார். நிமிராமலே, "அப்பா பேரு?" என்றார்.

பள்ளிக்கூடத்திலும் தாலுகா ஆபீஸிலும் காலேஜிலும் கேட்டபோதெல்லாம் சொன்ன வாய், இப்போதும் சொல்லிவிட்டது.

"உச்சிமாகாளி."

அதை மந்திரத்தில் சேர்த்தார். எள்ளும் தண்ணீரும் என் விரல் வழியே இறங்கின. பின்னால் நின்ற அம்மா தோளைப் பிடித்து இழுத்தபோது எல்லாம் முடிந்திருந்தது.

திரும்பும் பஸ்ஸில் ஒன்றுதான் சொன்னாள். "உங்கப்பாட்ட சொல்லிராத."

பரீட்சையன்று கத்தி என் கையில்தான் இருந்தது. துணியை விலக்கினேன். அப்பா கிடந்தார். அப்பா இல்லை என்று எனக்குத் தெரியும். தெரிந்து என்ன செய்ய? கத்தியை வைத்துவிட்டு வெளியே வந்தேன். அப்புறம் அந்தக் காலேஜுக்கே போகவில்லை.

இப்போது இலஞ்சிப் பக்கம் ஒரு லாட்ஜில் நைட் டூட்டி. காலையில் வீடு வரும்போது அப்பா இட்லி தின்றுகொண்டிருப்பார். கல் மாதிரி இருக்கிறார். வீட்டுக்கு யாராவது வந்திருந்தால் போதும், ஆரம்பித்துவிடுவார்.

"பொணத்தப் பாத்து ஓடி வந்த டாக்டர் இவன்தான். அங்கன கிடந்தது யாரு, இவன் மாமனா மச்சானா? கேளுங்க."

அம்மா என்னைப் பார்க்க மாட்டாள். அவர் தட்டில் இன்னொரு இட்லி வைப்பாள்.