இரண்டாம் பக்கத்துக் கீறல்

வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்குள் ஒரு கிராமபோன் பிளேட் கையில் கிடைத்தாக வேண்டும். கிடைக்காவிட்டால், மிச்சமிருக்கும் ஆயுசு பூராவும் அந்தப் பொடியனின் பாட்டைக் கேட்டுக்கொண்டே மியூசிக் மாஸ்டர் தனபாலன் தெருவில் நடக்க வேண்டியதுதான்.

வினை ஆரம்பித்தது புதன்கிழமை, பாண்டி பஜாரில், இசக்கிமுத்து அண்ணாச்சியின் கடையில். திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்து ஜவுளிக்கடை வைத்து, அதை ஒட்டியே பிளேட்டுக் கடையும் வைத்தவர் அண்ணாச்சி. சுதந்திரம் வந்த மறுவருஷம் அவருக்கு ஒரு புது ஆசையும் வந்தது. ஊரான் பிளேட்டை விற்றது போதும். சொந்தமாகப் பாட்டு எடுத்து, 'முத்துமாலை ரெக்கார்டு' என்று பேர் போட்டு விற்க வேண்டும். அதற்கு ஒரு மியூசிக் மாஸ்டர் தேவை. ஒரே ஒருவர்.

அந்த நாற்காலியைத் தச்சன் தன் அளவுக்குத்தான் இழைத்திருக்கிறான் என்று தனபாலன் நம்பியிருந்தார். நம்பிக்கைக்குக் காரணம் இருந்தது. பதினேழு வருஷத்துக்கு முன்னால் ஒரு நாடகத்துக்கு அவர் போட்ட 'தபால்காரன் பாட்டை'ப் பாடாத வாய் சென்னப்பட்டணத்தில் கிடையாது. மாம்பலம் ஸ்டேஷனில் ரயிலைத் தவறவிட்டு நின்றபோது அந்த மெட்டு ஆகாயத்திலிருந்து இறங்கி வந்ததாக அவரே சொல்வார். சொல்லிச் சொல்லி, இப்போதெல்லாம் கண்ணை மூடினால் அந்த ரயிலின் கடைசிப் பெட்டிகூடத் தெரிந்தது.

குறுக்கே வந்தவன் வலியுல்லா. இருபத்தாறு வயசு. வெள்ளைக் கால்சராய், சைக்கிள், கையில் ஒரு கிளாரினெட். பார்க்கும்போதெல்லாம் "சலாம் மாஸ்டர்" என்பான். அந்த மரியாதையில் ஒரு குறைகூடக் கண்டுபிடிக்க முடியாததுதான் தனபாலனுக்கு வயிற்றெரிச்சல்.

புதன்கிழமை கடை மைக்கில் இரண்டு பேர் பாட்டையும் ஜெயபாரதி பாடிக் காட்டினாள். நாடக மேடையில் தனபாலன் கைபிடித்து ஏற்றிவிட்ட பாடகி. அவர் பாட்டை முதலில் பாடினாள், சுத்தமாகப் பாடினாள். தெருவில் போனவர்கள் போய்க்கொண்டே இருந்தார்கள். அடுத்தது வலியுல்லாவின் பாட்டு. கிளாரினெட் முதல் அடியை எடுத்ததும் எதிர்ச்சாரியில் வளையல் பார்த்துக்கொண்டிருந்த பெண்கள் திரும்பினார்கள். சைக்கிள்கள் நின்றன. ஜெயபாரதி பாடப் பாட, அவள் கழுத்தை ஆட்டிய தினுசைத் தனபாலன் பார்த்தார். அவர் மெட்டுக்கு அவள் ஒருநாளும் கழுத்தை ஆட்டினது கிடையாது.

கடை வாசலில் பூ விற்கும் முனியம்மாள் மல்லிகைப் பந்தை மடியில் போட்டுவிட்டு அவரையே கேட்டாள்.

"இன்னா நைனா, யாரு போட்ட பாட்டு இது? ஷோக்கா கீது."

அத்தனை பேர் இருக்க, அவரைத்தான் கேட்க வேண்டுமா!

உள்ளே போய் அண்ணாச்சியிடம் பொரிந்து தள்ளினார் தனபாலன். சங்கீதம் செத்துப் போய் வருஷக்கணக்காகிறது, இந்தப் பசங்கள் கிளாரினெட் ஊதிப் பாடை தூக்குகிறார்கள் என்றார். ராகமா, பாவமா, ஒரு மண்ணும் கிடையாது. வடக்கே எவனோ போட்டதைத் தூக்கி வந்து தமிழில் சட்டை தைத்து மாட்டுகிறார்கள் என்றார். அண்ணாச்சி பொறுமையாகக் கேட்டுவிட்டு, காலம் மாறினால் பாட்டும் மாறத்தானே செய்யும், போன வருஷத்துச் சேலைக் கரையை இந்த வருஷம் எவள் கேட்கிறாள் என்றார். அந்த நேரத்தில்தான் தனபாலன் வாயிலிருந்து அந்த வார்த்தை விழுந்தது.

"அது திருட்டு மெட்டு அண்ணாச்சி."

அண்ணாச்சியின் முகம் மாறியது. தொழில் ஆரம்பிக்கும்போதே திருட்டுச் சரக்கா?

"வாய்ப்பேச்சு வேண்டாம் வே. அசல் பிளேட்டைக் கொண்டாரும். வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு என் காதுல கேட்டா நாற்காலி உமக்கு. கேக்கலைன்னா, நல்ல பையன் பேரைக் கெடுத்தீருன்னு ஆகிப்போகும். பார்த்துக்கிடும்."

வீம்புக்குச் சொன்னது மட்டுமில்லை. அந்த மெட்டை எங்கேயோ கேட்டிருக்கிறோம் என்று அவர் காது சத்தியம் செய்தது. எங்கே?

புதன்கிழமை சாயங்காலம் பூராவும் மூர் மார்க்கெட்டில் பழைய பிளேட் குவியல்களைக் கிளறினார். கை கறுத்ததுதான் மிச்சம். வியாழக்கிழமை காலை குளிக்கும்போது சட்டென்று ஞாபகம் வந்தது. பிளேட்டில் கேட்டதில்லை. விரல்களில் கேட்டது. அக்பர் பாஷா வாத்தியாரின் விரல்களில்!

நாடகக் கம்பெனியில் தனபாலனுக்கு ஹார்மோனியம் சொல்லிக் கொடுத்தவர் பாஷா. இளவயசில் பம்பாயில் ஒரு பார்சி நாடகக் கம்பெனியோடு சுற்றியவர். மௌத்தாகி மண்ணுக்குள் போய்ப் பத்து வருஷமாகிறது. அவர் மனைவி அமீனா பீ மீர்சாகிப்பேட்டையில் அதே பழைய வீட்டில் இருந்தாள். வலியுல்லா அவளுடைய தங்கை மகன். அட, திருட வெளியூருக்குக்கூடப் போகவில்லையா பயல்!

"வாப்பா தனபால்," என்றாள் அமீனா பீ. "மௌத்துக்கு வந்துட்டுப் போனவன், வழி இப்பத்தான் தெரிஞ்சிச்சா?"

வாத்தியார் வாசித்த பிளேட் ஏதாவது இருக்கிறதா என்று கேட்டார். அவள் அலமாரியிலிருந்து வெல்வெட் துணியில் சுற்றிய ஒன்றை இரண்டு கையாலும் எடுத்து வந்தாள். பம்பாய்க் கம்பெனிப் பாட்டு இரண்டு. ஒரு பக்கத்துக்கு ஒன்று. ஹார்மோனியம் பாஷா. அவர் கை வாசித்தது என்று உலகத்தில் மிஞ்சியது அந்த ஒரே பிளேட்தான்.

வீட்டில் ஒரே ஒரு புது ஊசிதான் இருந்தது. ஒரு ஊசி ஒரு பக்கத்துக்குத்தான் தாங்கும். மேலே இருந்த பக்கத்தைப் போட்டாள். கரகரவென்று நாலு சுற்று. பிறகு அதே மெட்டு. வலியுல்லாவின் மெட்டு! தனபாலன் சந்தோஷத்தில் தொடையில் தாளம் போட்டார். அமீனா பீயோ முக்காட்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, மறுபக்கம்தான் அவருக்கு ரொம்ப இஷ்டம், ஊசி வாங்கி வந்தால் போடலாம் என்றாள். ஒரே ஒரு நாள் இரவல் கேட்டார் தனபாலன்.

"உன்னெ நம்பித் தர்றேன்," என்றாள். "புள்ளெ மாதிரி பாத்துக்கோ."

மயிலாப்பூர் சித்திரக்குளத்துப் பக்கம் இருந்த தன் வீட்டுக்கு வந்து, வாங்கி வந்த ஊசிகளை மாற்றி மாற்றி மாட்டி முதல் பக்கத்தை இரண்டு தரம் கேட்டார். அமிர்தமாக இருந்தது. மனைவி சரோஜாதேவி அரிசி களைந்த கையோடு வந்து நின்று, மறுபக்கத்தையும்தான் போடுங்களேன் என்றாள்.

திருப்பிப் போட்டார்.

மூன்றாவது சுற்றில் அவர் காதைப் பெட்டிக்குப் பக்கத்தில் கொண்டுபோனார். புரியாத பாஷையில் ஒருத்தி தபால்காரன் பாட்டைப் பாடிக்கொண்டிருந்தாள்.

"என்னங்க, நம்ம பாட்டு!" என்றாள் சரோஜா. "உங்க மெட்டைத் திருடி இந்திக்காரன் பிளேட்டே போட்டுட்டான் பாருங்க, படுபாவி."

அந்தப் பிளேட் வந்தபோது தனபாலன் ஹார்மோனியப் பெட்டியைத் தூக்கவும் பலம் இல்லாத பையன். மாம்பலம் ஸ்டேஷனும் கடைசிப் பெட்டியும் எங்கோ ஓடி மறைந்தன. மத்தியான வேளைகளில் பாஷா வாத்தியார் தனக்காக வாசித்துக்கொள்வார். மூலையில் உட்கார்ந்து ஒருவன் கேட்டுக்கொண்டே இருப்பான். இது மட்டும்தான் மிச்சம் நின்றது.

அப்போதாவது பிளேட்டை வெல்வெட்டில் சுற்றியிருக்கலாம். ஆனால் ஜன்னலுக்கு வெளியே எவனோ ஒருவன் வலியுல்லாவின் மெட்டைச் சீட்டியடித்துக்கொண்டு போனான். புதன்கிழமை கேட்ட பாட்டு வியாழக்கிழமை மயிலாப்பூருக்கே வந்துவிட்டதா? தனபாலன் பல்லைக் கடித்தார். சரோஜா அடுப்படிக்குப் போனதும், தேய்ந்த ஊசியைக் கட்டை விரலால் அழுத்திப் பிடித்து, இரண்டாம் பக்கத்தில் ஓரத்திலிருந்து நடுவரைக்கும் இழுத்தார். ஒரு தரம் இல்லை, மூன்று தரம்.

வெள்ளிக்கிழமை பத்து அடிக்க ஐந்து நிமிஷம். கடையில் அண்ணாச்சி, ஜெயபாரதி, வலியுல்லா மூன்று பேரும் இருந்தார்கள். முதல் பக்கம் சுழன்றது. அண்ணாச்சியின் புருவம் ஏறியது.

"என்னவே வலியுல்லா, இதுதானா?"

"ஆமா அண்ணாச்சி," என்றான் அவன், கொஞ்சமும் அசராமல். "பெரியப்பா பிளேட்டு. முதல் அடி இதுதான். சரணம் நான் போட்டது. நீங்க கேட்டிருந்தா அன்னிக்கே சொல்லியிருப்பேன்."

தனபாலன் ஜெயித்துவிட்டார். கையை நீட்டிப் பிளேட்டை எடுத்துக்கொள்ளப் போனார். அண்ணாச்சி அவர் கையைத் தள்ளிவிட்டு ஊசியை மாற்றினார்.

"பொறும். ரெண்டு பக்கமும் போட்டுப் பார்க்காம நான் ஒரு பிளேட்டும் கைமாத்துனது கிடையாது."

அது பிளேட் வியாபாரியின் பழக்கம். தனபாலனுக்கு மட்டும் அது தோன்றாமல் போயிற்று.

டக். டக். டக். ஊசி தத்தித் தத்திக் குதித்தது. அண்ணாச்சி அதைத் தூக்கிவிட்டுப் பிளேட்டை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார். கீறலில் விரலை ஓட்டினார். விரலில் மாவு மாதிரி ஒட்டியது.

"இது நேத்து விழுந்த கீறல்லா."

பழைய பிளேட், அப்படித்தான் இருக்கும் என்று முனகினார் தனபாலன். யாரும் அவரைப் பார்க்கவில்லை. எல்லாரும் வலியுல்லாவைப் பார்த்தார்கள். அவன் முகம் சுருங்கிக் கிடந்தது. அந்தப் பிளேட்டின் முன்னால் உட்கார்ந்து வளர்ந்தவன் அவன்.

"இதுல இன்னா இருந்துச்சுன்னு எனக்குத் தெரியும்," என்று கிளாரினெட்டை எடுத்தான்.

முதல் இரண்டு அடிகள் யாருக்கும் பிடிபடவில்லை. தாளத்தை வேறு மாதிரி நடக்கவிட்டிருந்தான். மூன்றாவது அடியில் ஜெயபாரதி வாயைப் பொத்திக்கொண்டாள். அண்ணாச்சி மெதுவாகத் தனபாலன் பக்கம் திரும்பினார். தபால்காரன் பாட்டு! குட்டு உடைந்துவிட்டது. பூமி பிளந்தால் உள்ளே போயிருக்க வேண்டிய நேரம்.

தனபாலனோ வேறொன்றில் சிக்கிக்கொண்டிருந்தார். நாலாவது அடியில், மேலே ஏற வேண்டிய இடத்தில், அந்தப் பயல் ஏறவில்லை. ஒரு கணம் நின்று, கீழே இறங்கி, அப்புறம் ஒரே தாவாகத் தாவினான். பாட்டு முழுக்க வேறு வெளிச்சத்துக்கு வந்துவிட்டது. பதினேழு வருஷமாகத் தினமும் வாசிக்கிறேனே, அங்கே இறங்கலாம் என்று எனக்கு ஏன் ஒருநாளும் தோன்றவில்லை? அவமானம் எங்கோ பின்னால் நின்றது. முன்னால் நெருப்பாக எரிந்தது அந்த ஒரு இறக்கம்தான்.

வலியுல்லா வாத்தியத்தைக் கீழே வைத்தான்.

"இந்தப் பக்கம் மாஸ்டர் எடுத்துப் போட்டதுன்னு தெரியும் அண்ணாச்சி. அதனாலதான் இதை நான் தொடல. அந்தப் பக்கத்தை எடுத்துக்கினேன்."

குத்துவதற்காக அவன் சொல்லவில்லை. குத்துவதற்காகச் சொல்லியிருந்தால் தனபாலன் தாங்கியிருப்பார்.

அண்ணாச்சி பிளேட்டை வெல்வெட்டில் சுற்றித் தனபாலன் கையில் கொடுத்தார். ரெண்டு பேரும் ஒரே கிணற்றில் மொண்டவர்கள், அதைப் பற்றித் தனக்கு ஒன்றும் இல்லை என்றார். ஆனால் மொண்டதை என்ன செய்தான் என்று பார்க்க வேண்டியிருக்கிறது. "நாற்காலி அவனுக்கு வே," என்றார். கீறலைப் பற்றிக் கடைசிவரை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

மீர்சாகிப்பேட்டைக்கு நடந்தே போனார் தனபாலன். வழியில் இரண்டு பாக்கெட் ஊசி வாங்கினார். எதற்கு வாங்கினார் என்று அவருக்கே தெரியாது.

அமீனா பீ துணியைப் பிரித்தாள். விரலால் தடவிப் பார்த்தாள்.

"நான்தான் கீறினேன், வாத்தியாரம்மா," என்றார். "அது என் பாட்டுன்னு ஊரெல்லாம் சொல்லி வெச்சிருந்தேன்."

"அவருக்குத் தெரியும்," என்றாள் அவள். "பையன் பசியாறிட்டுப் போவட்டும்னு சொன்னாரு." பிறகு மூலையைக் காட்டினாள். அங்கே உறை போட்ட பாஷாவின் ஹார்மோனியம் இருந்தது. "பிளேட்டுதான் பூடுச்சு. நீ வாசி."

வாசித்தார். வாத்தியார் வாசித்தபடியே வாசிக்க வேண்டும் என்றுதான் விரலை வைத்தார். முதல் அடி வந்தது, இரண்டாவது வந்தது, மூன்றாவதும் வந்தது. நாலாவதில் விரல் மேலே ஏறவில்லை. நின்றது. இறங்கியது. தாவியது.

அமீனா பீ தலையை நிமிர்த்தினாள். "அந்த எடத்துல அவரு இப்படி வாசிச்சதில்லியே. யாருது அது?"

மாம்பலம் ஸ்டேஷன் நாக்கு நுனிவரை வந்தது. தனபாலன் துருத்தியை ஒருமுறை அழுத்தி, காற்றை வெளியே விட்டார்.

"உங்க வலியுல்லாவோடது." பெட்டியை மூடப் போனவர் மூடாமல் கையை வைத்தபடியே இருந்தார். "நான் வாசிச்சேன்னு மட்டும் அவன்கிட்டச் சொல்லிடாதீங்க."